நூற்றிருபத்து மூன்று யாருடைய எண்?

காசியம்மாளைக் கல்லூரியில் யாரும் காசியம்மாள் என்று கூப்பிடுவதில்லை. சிஸ்டம் மேடம் என்றுதான் கூப்பிடுவார்கள். கம்ப்யூட்டர் நின்றாலும் சிஸ்டம் மேடம், வகுப்பில் மின்விசிறி நின்றாலும் சிஸ்டம் மேடம். மின்விசிறி தன் வேலை இல்லை என்று பத்து வருடம் சொல்லிப் பார்த்தாள். பதினோராவது வருடம் ஒரு டெஸ்டர் வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். வாய் கொடுத்து ஜெயிப்பதைவிட வேலையை முடித்துவிட்டுப் பேசாமல் இருப்பது அவளுக்குச் சுலபம். நல்ல குணம் என்று எல்லோரும் மெச்சினார்கள். நானும் மெச்சியிருப்பேன், இந்த விஷயம் தெரியாமல் இருந்திருந்தால்.

கள்ளக்குறிச்சியிலிருந்து சின்னசேலம் போகும் சாலையில் இருந்தது அந்தத் தனியார் கலைக்கல்லூரி. பெயர் வேண்டாம். காசியம்மாளுக்குச் சொந்த ஊர் சின்னசேலத்துக்குப் பக்கத்தில், கரும்பும் மக்காச்சோளமும் விளைகிற கிராமம். வீட்டில் முதல் பட்டதாரி அவள்தான். எம்.பி.சி. ஒதுக்கீட்டில் இடம் கிடைத்து பி.எஸ்சி. கணினி அறிவியல் படித்தாள். 2009-இல் இந்தக் கல்லூரியில் ஆய்வக உதவியாளராகச் சேர்ந்தாள். கணவன் சோள மண்டியில் எடை போடப் போக, இவள் காலை எட்டே காலுக்கு டவுன் பஸ்ஸைப் பிடித்துவிடுவாள். இத்தனை வருடத்தில் அந்தப் பஸ்ஸை விட்டது, இரண்டு பிரசவத்துக்கும் ஒரு சாவுக்கும்தான்.

அவள் சேர்ந்த வருடம்தான் அலுவலகத்துக்கு ஒரு சர்வர் வந்தது. பெங்களூரில் இருந்த தாளாளரின் உறவுக்காரர், வைரஸ் அண்டாது என்று சொல்லி அதில் யூனிக்ஸ் இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்தார். படம் கிடையாது, சுட்டி கிடையாது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து மட்டும். மூன்று நாள் இருந்தார். கிளம்பும்போது தடியாக ஒரு புத்தகத்தையும் தன் தொலைபேசி எண்ணையும் கொடுத்துவிட்டுப் போனார். ஆறே மாதத்தில் அந்த எண்ணில் யாரோ ஒரு கன்னடக்காரர் பேச ஆரம்பித்துவிட்டார். மிச்சம் புத்தகம்தான். காசியம்மாள் அதைப் பஸ்ஸில் வைத்துப் படித்தாள், முழுகாமல் இருந்தபோது மருத்துவமனை வரிசையில் வைத்துப் படித்தாள். அந்தக் கறுப்புத் திரைக்கு முன்னால் உட்கார வேறு யாருக்கும் தைரியம் வராததால் அவளே சிஸ்டம் மேடம் ஆனாள்.

மாணவர்களின் சான்றிதழ்களையெல்லாம் ஸ்கேன் செய்து அந்த சர்வரில்தான் வைத்திருந்தார்கள். ஆளுக்கு ஒரு கோப்புறை. யூனிக்ஸில் எந்தக் கோப்புறையும் ஏதாவது ஒரு குழுவைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும். பெங்களூர்க்காரர் ரொம்ப யோசிக்காமல் சாதிப் பிரிவுகளையே குழுக்களாக வைத்துவிட்டார். பி.சி. ஒரு குழு, எம்.பி.சி. ஒரு குழு, இப்படி. எல்லாம் முடித்த பிறகுதான் கல்வராயன் மலையிலிருந்து வந்து படிக்கிற பழங்குடிப் பிள்ளைகள் விட்டுப்போனது தெரிந்தது. அவர்களுக்காக 'மலை' என்று ஒரு குழுவைச் சேர்த்தார். குழுவின் பெயரெல்லாம் மனிதர்களுக்காகத்தான். இயந்திரத்துக்குத் தெரிந்தது எண் மட்டும். மற்ற குழுக்களுக்கு ஆயிரத்துக்கு மேல் வரிசையாக எண் கொடுத்தவர், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்ட அவசரத்தில் இந்தக் குழுவுக்குக் கைக்கு வந்ததை அடித்தார்: 123.

இன்னார் இங்கே படிக்கிறார் என்று கல்லூரி கொடுக்கும் போனஃபைடு சான்றிதழை அச்சிடும் நிரலைக் காசியம்மாள் எழுதினாள். கோப்புறை எந்தக் குழுவில் இருக்கிறது என்று அது பார்க்கும். 'மலை' என்றிருந்தால் சான்றிதழில் 'பழங்குடியினர்' என்று அச்சிடும். ஒன்பது வருடம் ஒழுங்காக அச்சிட்டது.

2018 மே மாதம் இயங்குதளத்தைப் புதுப் பதிப்புக்கு மாற்ற வேண்டிவந்தது. பழையதற்கு இனிமேல் பாதுகாப்புத் திருத்தம் வராது என்று சொல்லிவிட்டார்கள். இந்தப் புதுப்பிப்பில் ஒரு தொல்லை உண்டு. இயங்குதளத்தோடு வருகிற சில கோப்புகளை நாம் நம் வசதிக்குத் திருத்தி வைத்திருப்போம். இயங்குதளத்தைச் செய்தவர்களும் புதுப் பதிப்பில் அதே கோப்பைத் திருத்தியிருப்பார்கள். வேறு வேறு இடத்தில் திருத்தியிருந்தால் இயந்திரமே இரண்டையும் சேர்த்துக்கொள்ளும். ஒரே இடத்தில் இரண்டு பேரும் கை வைத்திருந்தால் அதற்குத் தீர்க்கத் தெரியாது. ஏழு அம்புக்குறி போட்டு நம் வரியைக் காட்டும், பிறகு ஏழு சமக்குறி, அதற்குக் கீழே அவர்கள் வரி, முடிவில் மறுபடியும் ஏழு அம்புக்குறி. காட்டிவிட்டு, எது இருக்கட்டும் எது போகட்டும் என்று நாம் சொல்லும்வரை உட்கார்ந்திருக்கும்.

அன்று பதினேழு கோப்புகள் இப்படி வந்தன. பாதிக்கு மேல் வெறும் சில்லறைத் தகராறு. கோப்பின் தலையில் எழுதியிருக்கும் பதிப்புத் தேதி மட்டும்தான் வேறு. மேலே இருப்பதை அழி, கீழே இருப்பதை வை, சேமி. மறுபடியும் அழி, வை, சேமி. கள்ளக்குறிச்சிக் கோடையில் கரண்ட் எந்த நிமிடம் போகும் என்று சொல்ல முடியாது. யுபிஎஸ் அரை மணி தாங்கினால் பெரிய விஷயம். பதினான்காவதாகக் குழுக்களின் கோப்பு வந்தபோது கண் பார்ப்பதற்கு முன்னால் கை ஓடிவிட்டது. அம்புக்குறிக்குக் கீழே இருந்த ஒற்றை வரியை அழித்தாள், புதியதை வைத்தாள், சேமித்தாள். அழிந்த அந்த ஒற்றை வரிதான் 'மலை'.

கோப்புறைகள் எதுவும் அழியவில்லை. எல்லாம் இருந்த இடத்தில் பத்திரமாக இருந்தன. குழுவின் பெயர் போய்விட்டதால் இயந்திரம் பெயருக்குப் பதிலாக எண்ணைக் காட்டியது, அவ்வளவுதான். ஜூனில் கல்லூரி திறந்ததும் மலைப் பிள்ளைகளின் போனஃபைடில் 'பிரிவு: 123' என்று அச்சாகி வந்தது.

முதலில் கவனித்தவர் அலுவலகக் கண்காணிப்பாளர் ஷேக் தாவூது. டவுனில் பரம்பரையாகத் துணிக்கடை வைத்திருக்கும் குடும்பம். கடையில் உட்காரப் பிடிக்காமல் ஆபீசுக்கு வந்தவர். அரசாணை எண்களைச் சொந்தக்காரர்கள் பெயர் மாதிரி மனப்பாடமாக வைத்திருப்பார். சுற்றறிக்கை தயாரிப்பதில் அவருக்கு இருக்கும் பிரியம் பிரியாணியில்கூட இல்லை என்று சொல்வார்கள்.

"இன்னாம்மா காசி, மலைப் பசங்க போனஃபைடுல நூத்தி இருவத்தி மூணுன்னு வருது?" என்று கேட்டார்.

காசியம்மாளைச் சுற்றி அப்போது அட்மிஷன் கூட்டம். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அப்டேட் ஆயிருக்கு சார், அதுல வந்திருக்கும். பாக்கறேன்" என்றாள்.

கடைசி வார்த்தை அவர் காதில் விழவில்லை. 'அப்டேட் ஆயிருக்கு' மட்டும் விழுந்தது. அவரைப் பொறுத்தவரை அப்டேட் செய்கிற ஆள் உலகத்தில் ஒருவர்தான், அது அரசாங்கம். மறுநாள் காலை எல்லாத் துறைக்கும் சுற்றறிக்கை போய்விட்டது: 'பழங்குடியின மாணவ மாணவியருக்கான பிரிவு எண் 123 எனப் புதுப்பிக்கப்பட்டுள்ளது. இனிவரும் படிவங்களில் இதனையே குறிப்பிட வேண்டும்.' கீழே கல்லூரி முதல்வரின் கையெழுத்து. முதல்வர் அன்று நாற்பது தாளில் கையெழுத்துப் போட்டிருப்பார்.

ஜூலையில் கூட்டம் ஓய்ந்த பிறகு காசியம்மாள் பழைய குழுக் கோப்பை எடுத்துப் புதியதோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். 'மலை' வரியைக் காணோம். சரிசெய்வது பத்து நிமிட வேலை. சரிசெய்தால் போனஃபைடில் எண் போய்ப் பழங்குடியினர் என்று வந்துவிடும். ஏன் மாறியது என்று தாவூது கேட்பார். முதல்வர் கையெழுத்திட்ட சுற்றறிக்கை தப்பு என்றாகும். அவள் வேலையோ ஜூனுக்கு ஜூன் புதுப்பிக்கிற தற்காலிக வேலை. இந்த செமஸ்டர் முடியட்டும் என்று விட்டாள். அடுத்த செமஸ்டரில், இப்போது போய்ச் சொன்னால் இத்தனை நாள் என்ன செய்தாய் என்று கேட்பார்களே என்று விட்டாள். உதவித்தொகைக்கு மூலச் சாதிச் சான்றிதழே போய்க்கொண்டிருந்ததால் எங்கும் இடிக்கவில்லை. இடிக்காத வரைக்கும் யாருக்கு என்ன நஷ்டம் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். அது பொய் என்பது அவளுக்கே தெரியும்.

அதற்குள் அந்த எண் மனிதர்கள் மேல் ஒட்டிக்கொண்டது. "சார், நூத்தி இருவத்தி மூணு ரெண்டு பேரு வெளிய நிக்கறாங்க" என்பார் பியூன் கந்தசாமி. விடுதியில் அது மலைப் பிள்ளைகளின் பெயரே ஆகிவிட்டது. கேலி என்று சொல்வதற்கில்லை. அரசாங்கம் கொடுத்த எண் என்று எல்லோரும் நம்பினார்கள். மலைப் பிள்ளைகளும் நம்பினார்கள். ஒரு பொங்கலுக்குக் கல்வராயன் மலைமேல் வெள்ளிமலையில் நடந்த கிரிக்கெட் போட்டியில் '123 பாய்ஸ்' என்று பனியன் அடித்துக்கொண்டு ஓர் அணியே இறங்கியது. அந்தப் படத்தை யாரோ வாட்ஸாப்பில் போட்டிருந்தார்கள். காசியம்மாள் அன்று மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை.

2020 டிசம்பரில் காசியம்மாளின் சாதிக்கு எம்.பி.சி.க்குள் தனி இடஒதுக்கீடு கேட்டுப் போராட்டம் சூடுபிடித்தது. சென்னையில் தொடங்கி, ஊர் ஊராக வி.ஏ.ஓ. அலுவலகங்களில் மனு கொடுத்தார்கள். காசியம்மாளின் அண்ணன் செல்லமுத்து மஞ்சள் துண்டைப் போட்டுக்கொண்டு மனுவோடு போய் வந்தார். கல்லூரி அலுவலகத்தில் வேலையைவிட விழுக்காட்டுக் கணக்குதான் அதிகம் நடந்தது. கந்தசாமி போராட்டத்துக்கு விடுப்பு எழுதிக் கொண்டுவந்து நீட்டும்போது சொன்னார்: "எம்பிசின்னு நூறு சாதியோட சேத்துப் போட்டா எங்க பேரு எங்கேர்ந்து மேடம் தெரியும்? எங்க பேரு தனியா வரணும் மேடம் லிஸ்ட்ல. அவ்ளோதான் கேக்கறோம்."

பெயருக்காக ஊரே தெருவில் நிற்கிறது, நான் ஒரு கூட்டத்தின் பெயரையே அழித்துவிட்டு வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன் என்று அவளுக்குச் சுருக்கென்றது.

ஜனவரிக் கடைசி வெள்ளிக்கிழமை, கலெக்டர் அலுவலகங்களுக்கு முன்னால் போராட்டம் என்று அறிவித்திருந்தார்கள். கொரோனாவுக்குப் பிறகு இறுதியாண்டுக்கு மட்டும்தான் கல்லூரி திறந்திருந்தது. அன்று அதிலும் பாதிப் பேர் வரமாட்டார்கள். சர்வரை நிறுத்தினாலும் கேட்க ஆளில்லை என்பதால் அடுத்த புதுப்பிப்புக்குக் காசியம்மாள் அந்த நாளைத் தேர்ந்தெடுத்தாள். பதினொன்றாம் பதிப்பிலிருந்து பன்னிரண்டுக்கு. இந்த முறை ஒவ்வொரு கோப்பையும் நிதானமாகப் படித்துத் தீர்ப்பது என்று முடிவு செய்து, பக்கத்தில் ஒரு நோட்டை வைத்துக்கொண்டாள். ஐந்து கோப்புகள் முடிந்திருந்தன. ஆறாவது குழுக்களின் கோப்பு.

திரையில் அம்புக்குறிகள் நின்றன. மேலே இவள் பக்கம் ஒரு வரி, ஊரடங்கின்போது ஆன்லைன் வகுப்புக்காகச் சேர்த்த குழு. கீழே அவர்கள் பக்கம் ஒரு புது வரி. இயந்திரத்தின் கடிகாரத்தைச் சரியாக வைத்திருக்க ஒரு நிரல் உண்டு. புதுப் பதிப்பில் அதற்கென்று தனிக் குழு கொடுத்திருந்தார்கள். அந்தக் குழுவின் எண்ணைப் பார்த்ததும் காசியம்மாளின் கை விசைப்பலகையை விட்டு எழுந்துவிட்டது. 123. அப்படியே ஒத்துக்கொண்டால் மலைப் பிள்ளைகளின் அறுபத்து நான்கு கோப்புறையும் கடிகார நிரலுக்குச் சொந்தமாகிவிடும். போனஃபைடில் பிரிவு என்ற இடத்தில் அதன் பெயர்தான் அச்சாகும்.

"மேடம், சூப்பிரண்டு சார் இருக்காருங்களா?"

வாசலில் முகக்கவசத்தோடு ஒரு பெண் நின்றாள். மூன்றாம் ஆண்டு வரலாறு, ஆண்டாள். வெள்ளிமலையையும் தாண்டி உள்ளே தள்ளி இருக்கிற ஒரு சிற்றூர். விடியலில் மரவள்ளிக் கிழங்கு ஏற்றிவந்த ஜீப்பில் கச்சிராயபாளையம் வரைக்கும் வந்து, அங்கிருந்து யார் யார் வண்டியிலோ ஏறி வந்திருந்தாள்.

"இன்னும் வரல. போராட்டக் கூட்டத்துல வண்டி மாட்டிக்கினு நிக்குதாம். இன்னா வேணும், எங்கிட்ட சொல்லு."

அவள் ஒரு தாளை நீட்டினாள். மலைக் கிராமங்களில் களப்பணியாளர் வேலைக்கு அவள் விண்ணப்பித்திருந்தாள். அந்த அலுவலகத்திலிருந்து குறிப்பாணை வந்திருந்தது. சாதிச் சான்றிதழில் மலையாளி, பழங்குடியினர் என்று உள்ளது, விண்ணப்பத்திலும் கல்லூரிச் சான்றிலும் 123 என்று உள்ளது, இந்த முரண்பாட்டுக்குக் கல்லூரி முதல்வரின் விளக்கக் கடிதத்தை வரும் திங்கட்கிழமைக்குள் நேரில் கொடுக்க வேண்டும், தவறினால் விண்ணப்பம் பொதுப் பிரிவில் சேர்க்கப்படும். நியாயமான கேள்விதான். பொதுப் பிரிவில் போட்டால் அவளுக்கு அந்த வேலை கிடைக்கப்போவதில்லை.

"ஃபாரத்துல பிரிவுன்னு கேட்டிருந்தாங்க. நாம நூத்தி இருவத்தி மூணுதானன்னு எழுதிட்டேன். தப்புங்களா மேடம்?"

காசியம்மாள் தாளை இரண்டு முறை படித்தாள். "ஒக்காரு" என்றாள்.

திரையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். ஓசைப்படாமல் முடித்துவிட இன்னும் ஒரு வழி இருந்தது. குழுவுக்கு வேறு எண் கொடுத்துச் சரிசெய்து, பழங்குடியினர் என்று புது போனஃபைடு அச்சிட்டு ஆண்டாள் கையில் கொடுத்து அனுப்பிவிடலாம். தாவூதுக்குத் தெரியாது, முதல்வருக்கும் தெரியாது. குறிப்பாணை அனுப்பிய அலுவலகத்தில் இருப்பவர்களுக்கு மட்டும் ஒரே கல்லூரி ஒரே பெண்ணுக்கு இரண்டு விதமாகச் சான்று கொடுத்தது தெரியும். அவர்கள் கேட்டிருப்பது விளக்கம். விளக்கம் சொல்லக்கூடிய ஆள் இந்தக் கல்லூரியில் ஒருத்திதான்.

முதலில் கோப்பைத் தீர்த்தாள். தன் வரியையும் வைத்தாள், அவர்கள் வரியையும் வைத்தாள். 123 கடிகாரத்துக்கே போகட்டும். அம்புக்குறிகளை அழித்துவிட்டு, கீழே மலைப் பிள்ளைகளுக்குப் புதிதாக ஒரு வரி திறந்து, ஆயிரத்துப் பதினொன்று என்று எண் கொடுத்தாள். பெயர் அடிக்கிற இடத்தில் கை நின்றது.

"ஆண்டாளு, இங்க வா. உங்க ஃபைலுங்களுக்கு முன்ன மலைன்னு பேரு இருந்துச்சு. அதையே போட்டுடட்டுமா?"

ஆண்டாள் திரையை எட்டிப் பார்த்தாள். ஒன்றும் புரிந்திருக்காது. ஆனால் கேள்விக்குப் பதில் அவளிடம் இருந்தது. "மலைன்னா அது மலைதானங்க மேடம். நாங்க மலையாளிங்க. சர்டிபிகேட்டுல அப்படித்தான இருக்குது?"

"கேரளாக்காரங்கன்னு நெனைச்சிக்கப் போறாங்க."

"எல்லா எடத்துலயும் அப்படித்தான் கேக்கறாங்க. கேட்டா சொல்லிக்கிறோங்க."

காசியம்மாள் மலையாளி என்றே அடித்தாள். மீதிக் கோப்புகளையும் தீர்த்து, புதுப் பதிப்பை நிறுவி, சர்வரை நிறுத்தித் திரும்ப ஓடவிட்டாள். அறுபத்து நான்கு கோப்புறைகளையும் புது எண்ணுக்கு மாற்றினாள். அச்சிடும் நிரலில் 'மலை' என்றிருந்ததை 'மலையாளி' என்று திருத்தினாள். சோதனைக்கு ஒரு போனஃபைடு அச்சிட்டுப் பார்த்தாள். பழங்குடியினர் என்று வந்தது. இதையெல்லாம் செய்ய ஒன்றரை மணி நேரம் ஆனது, இரண்டரை வருடம் அதற்காகக் காத்துக்கொண்டிருந்தது.

ஷேக் தாவூது வந்து சேர்ந்தபோது மணி பன்னிரண்டு. ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள் காசியம்மாள் எழுந்து போய் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"அப்ப அது ஜி.ஓ. இல்லியா?"

"இல்ல சார். நான் ஒரு வரிய அழிச்சிட்டேன்."

"நான் சர்குலரே போட்டேனேம்மா! டிபார்ட்மெண்ட் டிபார்ட்மெண்டா போட்டேனே!" அவர் முகம் சுருங்கியது. கோபத்தைவிட அவமானம்தான் அதிகம். "நானும் எந்த ஜி.ஓ.ன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். கேக்கல" என்றார். பிறகு அவருடைய பழக்கம் திரும்பி வந்தது. "சரி வுடு. தொழில்நுட்பக் கோளாறுன்னு ஒரு லெட்டர் அடிக்கிறேன். மெஷினு மேல போட்டுட்டா மேட்டர் க்ளோஸ்."

"வேணாம் சார். கோளாறுன்னு போட்டா இன்னா கோளாறுன்னு அங்க மறுபடியும் கேப்பாங்க. அதுக்குள்ள திங்கக்கெழம போயிடும். நடந்தத நடந்தபடி போடலாம்."

கடிதத்தை அவளே எழுதினாள். '2018 மே மாதம் எங்கள் சர்வரின் இயங்குதளத்தைப் புதுப்பித்தபோது, கணினிப் பிரிவு உதவியாளராகிய கோ. காசியம்மாள் ஆகிய நான் பழங்குடியின மாணவர்களுக்கான குழுவின் பெயரைத் தவறுதலாக அழித்துவிட்டேன். 123 என்பது கணினியின் உள் எண் மட்டுமே. அது எந்த அரசாணையிலும் இல்லை. மாணவி ஆண்டாள், சாதிச் சான்றிதழில் உள்ளபடி பழங்குடியினர் ஆவார்.' முதல்வர் அதை மெதுவாகப் படித்தார். உங்கள் பெயர் அவசியமா என்று கேட்டார். ஆமாம் என்றாள். கையெழுத்துப் போட்டார். "ஜூன்ல உங்க ரினிவல் வரும்போது பேசுவோம்" என்றார். குரலை உயர்த்தவில்லை.

இப்போதே சொல்லிவிடுகிறேன். அந்தக் கடிதம் திங்கட்கிழமை ஏற்றுக்கொள்ளப்பட்டது, ஆண்டாளைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்த்துக்கொண்டார்கள். ஜூனில் காசியம்மாளின் வேலையும் போகவில்லை. கறுப்புத் திரைக்கு முன்னால் உட்கார வேறு ஆள் கிடைக்கவில்லை. ஆனால் அவள் நினைப்பில் நிற்பது இந்த இரண்டும் இல்லை.

முதல்வர் அறையிலிருந்து வந்து கடிதத்தை ஆண்டாளிடம் கொடுத்தாள். ஆண்டாள் நின்றபடியே கடைசி வரி வரைக்கும் படித்தாள். நன்றி சொல்லவில்லை. தாளின் மேல் ஓர் இடத்தில் விரலை வைத்துக்கொண்டு, "மேடம், ரெண்டாயிரத்திப் பதினெட்டுன்னு போட்டிருக்குது. உங்களுக்கு எப்பத் தெரியும்?" என்று கேட்டாள்.

"அந்த வருசம் ஜூலைலயே தெரியும்."

ஆண்டாள் தலையை ஆட்டினாள். அவள் திட்டியிருந்தால் காசியம்மாளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"எங்கக்காவும் இங்கதான் மேடம் படிச்சா. இருசம்மாள். தமிழ் டிபார்ட்மெண்டு. பத்தொம்பதுல முடிச்சா."

காசியம்மாளுக்கு ஞாபகம் இல்லை. திரையில் பெயரைத் தேடினாள். கோப்புறை திறந்தது. இரட்டைச் சடை போட்ட ஒரு பெண்ணின் பாஸ்போர்ட் படம், பக்கத்தில் மதிப்பெண் பட்டியல். நல்ல மதிப்பெண். கடைசியாக வாங்கிய போனஃபைடின் நகலும் இருந்தது, 2019 ஏப்ரல். பிரிவு: 123.

"அவளும் இதே மாதிரி ஒரு வேலைக்கு எழுதிப் போட்டா மேடம். நூத்தி இருவத்தி மூணுன்னுதான் போட்டா. அவளுக்கு மெமோகூட வரல. லிஸ்டுல பேரு இல்ல, அவ்ளோதான்."

"இப்ப இன்னா பண்ணிக்கினு இருக்காம்மா?"

"சின்னசேலத்துல ஜவ்வரிசி மில்லுங்க. களத்துல மாவு காய வெக்கறா." ஆண்டாள் கடிதத்தை நான்காக மடித்து, பிறகு பிரித்து, மடிப்பு விழாமல் நோட்டுக்குள் வைத்தாள். "அவளுக்கும் இந்த மாதிரி ஒரு லெட்டர் குடுக்கறீங்களா மேடம்?"

"அந்த வேலைக்கெல்லாம் ஆள் எடுத்து முடிச்சிருப்பாங்களேம்மா. இப்ப லெட்டர் குடுத்து..."

"வேலைக்கு இல்லீங்க. தனக்கு அறிவு பத்தலைன்னு நெனச்சிக்கினு இருக்கா. அதுக்கப்புறம் ஒரு ஃபாரமும் வாங்கலங்க அவ."

காசியம்மாள் முகக்கவசத்தைக் கண்ணுக்குக் கீழ்வரை இழுத்துவிட்டுக்கொண்டாள். "லெட்டர் வேணாம்மா. மில்லு எங்க இருக்குதுன்னு சொல்லு. நாளைக்கு நானே நேர்ல போய்ச் சொல்லிடறேன்" என்றாள்.

ஆண்டாள் மில்லின் பெயரை ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தாள்.

"லெட்டரும் குடுங்க மேடம்" என்றாள்.